ஈர மண்ணில் வாடிய செடி

மாணவ நண்பர்களே, முதலில் ஒரு கேள்வி. நன்றாக நனைந்த மண்ணில் ஒரு செடி நிற்கிறது. மண்ணில் விரலை வைத்தால் ஈரம் ஒட்டுகிறது. ஆயினும் அதன் இலைகள் பல நாள் தண்ணீரே காணாதவை போலத் துவண்டு தொங்குகின்றன. நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் செய்ததைச் சொல்கிறேன். "இன்னும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள்" என்றேன். சில நாட்களில் செடி மடிந்துவிட்டது. இயற்பியல் கற்பிக்கும் ஒருவன் செய்யக்கூடாத பிழை அது. ஏன் என்பதைக் கட்டுரையைப் படித்து முடிக்கும்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நடந்தது என்ன?

எங்கள் கல்லூரியில் படிப்பை முடித்த மாணவர்கள், இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு நினைவுப் பரிசாக ஒரு மணி பிளான்ட் செடியைத் தந்து சென்றனர். பளபளப்பான பீங்கான் தொட்டி. பச்சையும் மஞ்சளும் கலந்த இலைகள். அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவன் நான்தான். கருவிகள் வைத்திருக்கும் உயரமான அலமாரியின் மேல் வைத்தால் எல்லோர் கண்ணிலும் படும். யார் கையும் படாது என்று எண்ணினேன்.

எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் நீர் ஊற்றும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். காலையில் கூடத்தைத் திறந்ததும் முக்காலியைப் போட்டு ஏறி, ஒரு குவளை நீர் ஊற்றிவிட்டுத்தான் மற்ற வேலைகளைத் தொடங்குவார். இரண்டு மாதங்களில் இலைகள் மஞ்சளாகித் துவளத் தொடங்கின.

"தண்ணீர் ஒழுங்காக ஊற்றுகிறீர்களா?" என்று கேட்டேன்.

"ஒரு நாள்கூட விட்டதில்லை சார்" என்றார்.

நான் நம்பவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் மேலே ஒன்றும் பேசவில்லை. நான் சொன்னபடி கூடுதலாக ஒரு குவளை ஊற்றினார்.

செடி மடிந்தபின் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். மண்ணிலிருந்து சாக்கடை நாற்றம் வந்தது. வெள்ளையாக, உறுதியாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பு நிறத்தில் கூழாகிக் கிடந்தன. தொட்டியின் அடியில் நீர் வடியத் துளையே இல்லை. அவர் சொன்னது முழு உண்மை. ஒரு நாள்கூட விடாமல் ஊற்றிய அந்த நீர்தான் செடியைக் கொன்றது. ஆனால் குற்றம் அவருடையதன்று. துளையில்லாத தொட்டியை அப்படியே ஏற்று, அதற்கு அந்த இடத்தையும் தேர்ந்தெடுத்தவன் நான். நீருக்கும் இடத்துக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? அதுதான் இன்றைய பாடம்.

கண் சொல்லும் பொய்

அன்று மாலையே ஒளியளவியை எடுத்துக்கொண்டு முக்காலியின் மேல் ஏறினேன். ஒரு பரப்பின் மீது விழும் ஒளியின் செறிவை 'லக்ஸ்' என்னும் அலகால் அளக்கிறோம். அலமாரியின் மேல் 40 லக்ஸ். சன்னல் விளிம்பில் 1,500 லக்ஸுக்கு மேல். ஒரே அறையில், ஒரே நேரத்தில், நாலைந்து மீட்டர் இடைவெளியில் ஏறத்தாழ 40 மடங்கு வேறுபாடு! ஆனால் என் கண்ணுக்கு இரண்டு இடங்களுமே 'வெளிச்சமாக'த்தான் இருந்தன.

நண்பகல் வெயிலின் செறிவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வீட்டின் நடுக்கூடத்தில் பகலில் பெரும்பாலும் 100 முதல் 300 லக்ஸ் வரைதான் இருக்கும். வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழையும் நாம் பல நூறு மடங்கு குறைந்த ஒளிக்குள் நுழைகிறோம். ஆயினும் சில நிமிடங்களில் கண் பழகிவிடுகிறது. செய்தித்தாள் படிக்க முடிகிறது. எப்படி?

கண்ணின் பாவை 2 மில்லிமீட்டர் விட்டத்திலிருந்து ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் வரை விரியக்கூடியது. விட்டம் 4 மடங்கானால் பரப்பு 16 மடங்கு. மீதி வேலையை விழித்திரையும் நரம்புகளும் செய்கின்றன. ஒளி 10 மடங்கு கூடினால் நமக்கு அது 10 மடங்காகத் தோன்றுவதில்லை. ஒரு படி கூடியதாகவே தோன்றுகிறது. நம் உணர்வு மடக்கை முறையில் இயங்குகிறது என்று ஜெர்மானிய அறிஞர் ஃபெக்னர் 1860-ல் எழுதினார். மடக்கைப் பாடம் நடத்தும்போது 'இது எதற்கு உதவும்?' என்று கேட்கும் மாணவர்களுக்கு இதோ ஒரு விடை: நம் கண்ணுக்குள்ளேயே ஒரு மடக்கை அட்டவணை இருக்கிறது.

இலைக்கு இந்த வசதி இல்லை. மங்கிய ஒளியில் இலைக்குக் கிடைக்கும் ஆற்றல், விழும் ஒளியின் அளவையே பொறுத்தது. ஒளி பத்தில் ஒரு பங்கானால் வருமானமும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதனால் செடிக்கு இடம் தேடும்போது நம் கண்ணை நம்பக்கூடாது.

நிழல் விரும்பும் செடிகளா?

"இவை நிழலில் வளரும் செடிகள்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். மணி பிளான்ட்டின் தாயகம் பசிபிக் பெருங்கடலில் சொசைட்டி தீவுகளைச் சேர்ந்த மூரியா என்னும் சிறு தீவு. நம் வீடுகளில் காணும் இலைச் செடிகளில் பல இவ்வாறு வெப்பமண்டலக் காடுகளிலிருந்து வந்தவை. மான்ஸ்டெரா தென் மெக்சிகோவிலிருந்தும் நடு அமெரிக்காவிலிருந்தும் வந்தது. அடர்ந்த மழைக்காட்டின் தரையை எட்டுவது மேலே விழும் ஒளியில் 1 அல்லது 2 விழுக்காடுதான். கேட்கச் சொற்பமாகத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,00,000 லக்ஸில் 1 விழுக்காடு 1,000 லக்ஸ் ஆகிறது. அதாவது காட்டின் இருட்டு என்று நாம் சொல்லும் இடத்தில், எங்கள் அலமாரியின் மேல் இருந்ததைப் போல் 25 மடங்கு ஒளி இருக்கிறது!

மேலும், மணி பிளான்ட் அந்த நிழலிலேயே அடங்கிக் கிடப்பதில்லை. மரத்தைப் பற்றிக்கொண்டு ஒளியை நோக்கி ஏறுகிறது. உயரே சென்றபின் அதன் இலைகள் முறம்போல் விரிந்து, ஒரு மீட்டர் நீளத்தைக்கூட நெருங்குகின்றன. வீட்டில் நாம் காணும் உள்ளங்கை அளவு இலை அதன் சிறு பருவ உருவமே. ஆகவே இவற்றை நிழல் விரும்பும் செடிகள் என்பதைவிட, நிழலைப் பொறுத்துக்கொள்ளும் செடிகள் என்பதே பொருந்தும்.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. செடியும் நம்மைப்போல் இரவு பகல் எந்நேரமும் சுவாசிக்கிறது. சேமித்த மாவுச்சத்தைச் செலவிடுகிறது. ஒளி இருக்கும்போது ஒளிச்சேர்க்கையால் சம்பாதிக்கிறது. வரவும் செலவும் சமமாகும் ஒளிச்செறிவை 'ஈடுசெய் புள்ளி' என்கிறோம். அதற்குக் கீழே போனால் செடி கையிருப்பைத் தின்றே காலம் தள்ளும். உடனே இறக்காது. புது இலைகள் சிறுக்கும். கணுக்களின் இடைவெளி நீளும். மஞ்சள் வரிகள் மங்கி இலை முழுப் பச்சையாகும், ஏனென்றால் பச்சையம் இல்லாத பகுதி அந்த நிலையில் வெறும் சுமை. பல மாதம் கழித்துக் கையிருப்பு தீரும்போதுதான் நாம் திடுக்கிடுகிறோம்.

ஒளி குறைந்தால் நீர் ஏன் மிகுகிறது?

வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி செடியின் உடலில் தங்குவதில்லை. இலைத்துளைகள் வழியாக நீராவியாக வெளியேறிவிடுகிறது. இந்த நீராவிப் போக்குதான் வேரிலிருந்து நீரை மேலே இழுக்கிறது. பெரும்பாலான செடிகளில் ஒளி பட்டதும் இலைத்துளைகள் கரியமில வாயுவை உள்ளே விடத் திறக்கின்றன. அப்போது நீராவி வெளியேறுகிறது. ஒளி குறைந்தால் துளைகள் போதிய அளவு திறப்பதில்லை. நீர் வெளியேறுவது குறைகிறது. வேர் உறிஞ்சுவதும் குறைகிறது.

ஆக, சன்னலருகே உள்ள செடிக்கு ஒரு குவளை நீர் இரண்டு மூன்று நாளில் செலவாகலாம். அதே குவளை நீர் இருண்ட மூலையில் உள்ள செடியின் தொட்டியில் இரண்டு வாரம்கூடத் தேங்கி நிற்கலாம். 'வாரம் இருமுறை நீர் ஊற்றுக' என்பது போன்ற விதிகள் பொய்ப்பது இதனால்தான். நீரின் அளவை நாட்காட்டி சொல்ல முடியாது. ஒளிதான் சொல்ல வேண்டும்.

பாம்புச்செடி இங்கே ஒரு விதிவிலக்கு. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இச்செடி, நம் நாட்டு மருளுக்கு நெருங்கிய உறவு. அது பெரும்பாலும் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவைச் சேமித்துக்கொண்டு, பகலில் ஒளிச்சேர்க்கை செய்கிறது. குளிர்ந்த இரவில் நீராவி இழப்பு குறைவு. அதனால் மற்றச் செடிகளைவிட அதற்கு மிகக் குறைவாகவே நீர் வேண்டும்.

மண்ணுக்குள் ஒரு மூச்சு

தேங்கும் நீரால் என்ன கெடுதல்? வேருக்கும் பிராணவாயு வேண்டும். நல்ல மண்ணில் துகள்களுக்கு இடையே காற்று நிறைந்த இடைவெளிகள் உள்ளன. அவற்றின் வழியே பிராணவாயு மேலிருந்து வேருக்கு விரவிச் செல்கிறது. இடைவெளிகள் முழுவதும் நீரால் நிரம்பிவிட்டால்? நீரில் பிராணவாயு விரவும் வேகம் காற்றில் விரவுவதைப் போல் ஏறத்தாழ 10,000-ல் ஒரு பங்குதான். கரையும் அளவும் சொற்பம்: ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்க, 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது 8 மில்லிகிராம் அளவே.

அந்தச் சிறு அளவையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. வேர் மூச்சுத் திணறுகிறது, பின் அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே சுற்றிலும் நீர் நிற்க, செடி தாகத்தால் வாடுகிறது. அதைப் பார்த்து நாம் இன்னும் நீர் ஊற்றுகிறோம்! தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதல்லவா?

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து, "எங்கள் வீட்டு மணி பிளான்ட் வெறும் பாட்டில் தண்ணீரில் வளர்கிறதே, அதன் வேர் ஏன் அழுகவில்லை?" என்று கேட்பார். மிக நல்ல கேள்வி. பாட்டிலில் மண்ணும் மட்கும் இல்லை. ஆகவே பிராணவாயுவுக்குப் போட்டியிடும் நுண்ணுயிர்கள் மிகக் குறைவு. வாய் திறந்திருப்பதாலும், நாம் நீரை மாற்றுவதாலும் பிராணவாயு புதுப்பிக்கப்படுகிறது. நீரிலேயே முளைத்த வேர்கள் அந்தச் சூழலுக்கேற்ப அமைந்தும் விடுகின்றன. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: நீரை வாரம் ஒருமுறை மாற்றிப் பாட்டிலையும் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு, வீட்டுக்குள் தேங்கும் நல்ல நீரிலும் முட்டையிடுகிறது.

அடியில் கூழாங்கல் போடலாமா?

தொட்டியின் அடியில் கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். இதைச் சோதிக்க ஒரு பஞ்சு போதும். பாத்திரம் துலக்கும் நீள்சதுரப் பஞ்சை நீரில் முழுக்க நனைத்துப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். சொட்டுவது நிற்கட்டும். இப்போது அதை அழுத்தாமல் நீளவாக்கில் செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் நீர் சொட்டும்!

நுண்புழையில் நீர் ஏறுவதைப் படித்திருக்கிறீர்கள். மண்ணின் நுண்ணிய இடைவெளிகளும் நுண்புழைகளே. 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயில் நீர் 15 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். ஆரம் பத்தில் ஒன்றானால் உயரம் 10 மடங்கு. இவ்வாறு ஒவ்வொரு வகை மண்ணும், தன் இடைவெளிகளின் அளவுக்கேற்ப, அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பஞ்சைப் படுக்க வைத்தபோது அதன் உயரம் முழுவதும் இந்த ஈரப்பகுதிக்குள் அடங்கியிருந்தது. நிறுத்தியபோது மேற்பகுதி அதற்கு வெளியே வந்து நீரை இழந்தது.

அடியில் கல் போட்டால் இந்த ஈரப்பகுதி மறைவதில்லை. நுண்ணிய மண், கற்களின் பெரிய இடைவெளிகளுக்குள் நீரை எளிதில் விடுவதில்லை. ஈரப்பகுதி கல்லுக்கு மேலே ஏறி, வேருக்கு அருகில் வந்துவிடுகிறது. உண்மையில் வேண்டியவை வடிகால் துளையும், இடைவெளி மிகுந்த மண்ணுமே. செம்மண்ணுடன் பருமணலும் தென்னைநார்க் கழிவும் மட்கிய எருவும் கலந்தால் போதும். மண்தொட்டி இன்னும் நல்லது. மண்பானை நீரைக் கசியவிட்டுக் குளிர்வதுபோல அதன் சுவரும் ஈரத்தை வெளியேற்றும்.

விளக்கு உதவுமா?

சன்னல் இல்லாத இடத்தில் மின்விளக்கு உதவுமா என்றும் கணக்கிடுவோம். 900 லூமன் ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு எல்லாத் திசையிலும் சமமாக ஒளி வீசுவதாகக் கொள்வோம். 2 மீட்டர் தொலைவில் 900-ஐ 4π × 2² ஆல் வகுத்தால் ஏறத்தாழ 18 லக்ஸ். எதிர்விகித இருமடி விதிப்படி 1 மீட்டரில் 72. அரை மீட்டரில் 286. கால் மீட்டரில் 1,146 லக்ஸ். இவ்வகை விளக்கு முன்புறம் சற்று மிகுதியாக ஒளி வீசுவதால் உண்மை அளவு கொஞ்சம் கூடலாம். கூரையில் எரியும் விளக்கு செடிக்கு உதவாது. அதே விளக்கைச் செடிக்கு ஒரு சாண் மேலே இறக்கி நாள்தோறும் 12 மணி நேரம் எரித்தால் உதவும்.

சன்னலுக்கு இந்த விதியை அப்படியே பயன்படுத்த முடியாது. சன்னல் ஒரு புள்ளி அன்று, பரந்த ஒளிமூலம். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. செடியை வைக்க நினைக்கும் இடத்தில் உங்கள் கண்ணை வைத்துப் பாருங்கள். அங்கிருந்து வானம் தெரிகிறதா? எவ்வளவு தெரிகிறது? இலைக்குக் கிடைக்கும் ஒளியில் பெரும்பகுதி அந்த வானத்துண்டிலிருந்துதான் வருகிறது. எங்கள் அலமாரியின் மேல் கண்ணை வைத்துப் பார்த்தபோது சன்னல் வழியே எனக்குத் தெரிந்தது முற்றத்துத் தரை மட்டுமே. வானத்தைச் சன்னலுக்கு மேலிருந்த வெயில்தடுப்பு முழுக்க மறைத்திருந்தது. அதை முன்பே பார்த்திருந்தால் ஒரு செடியும் ஒரு பெரியவரின் மனமும் வாடியிருக்க மாட்டா.

ஒரு கேள்வியும் ஓர் எச்சரிக்கையும்

இத்தகைய செடிகள் அறையின் காற்றைத் தூய்மையாக்கும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. 1989-ல் வெளியான நாசா ஆய்வொன்றையே இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அது சிறிய மூடிய பெட்டிகளுக்குள் நடந்த சோதனை. பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டிக் கணக்கிட்ட 2019-ஆம் ஆண்டு ஆய்வு, திறந்த சன்னலின் பயனைப் பெறத் தரையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டியிருக்கும் என்று காட்டியது. காற்று வேண்டுமானால் சன்னலைத் திறப்போம். செடியை அதன் அழகுக்காகவே வளர்ப்போம். மணி பிளான்ட், மான்ஸ்டெரா, டிஃபன்பேக்கியா ஆகியவற்றின் இலைகளில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். சிறு குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

செடி மடிந்த மறுநாள் உதவியாளரிடம் சென்று, பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சன்னலைக் காட்டினார். அங்கே ஒரு பழைய கண்ணாடிப் பாட்டிலில், அழுகாத நுனியிலிருந்து இரண்டு கணுக்களுடன் வெட்டியெடுத்த ஒரு துண்டு நின்றது. யாரும் சொல்லாமல் அவரே வைத்திருந்தார். சில வாரங்களில் வேர்விட்டது. துளையுள்ள மண்தொட்டிக்கு மாற்றினோம். இப்போது அவர் காலையில் குவளையைத் தேடுவதில்லை. முதலில் தொட்டியைக் கையால் தூக்கிப் பார்க்கிறார். "இன்னும் கனம் இருக்கு சார், நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார்.

செய்து பாருங்கள்

1. ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகளில் ஒரே வகைச் செடியை வளருங்கள். இரண்டிலும் நீர் ஊற்றி, வடிந்தபின் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். ஒன்றைச் சன்னலருகிலும் மற்றதை அறையின் உட்புறத்திலும் வையுங்கள். ஒரு வாரம் நாள்தோறும் எடையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். எந்தக் கோடு செங்குத்தாக இறங்குகிறது? ஏன்?

2. கைப்பேசியில் உள்ள ஒளியளவிச் செயலியால் உங்கள் வீட்டின் 10 இடங்களில் நண்பகலில் ஒளிச்செறிவை அளந்து எழுதுங்கள். அளப்பதற்கு முன் ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் மதிப்பிட்டு எழுதிவையுங்கள். கண் எத்தனை மடங்கு ஏமாந்தது?

3. செடியின் ஒரு பக்கம் மட்டும் சன்னலைப் பார்க்கட்டும். தண்டு எத்தனை நாளில் வளைகிறது என்று கவனியுங்கள். பிறகு வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வாருங்கள்.